சாம்பல் அணை எப்படி உடைகிறது?

சம்பூரில் நிலக்கரி மின் நிலையம் அமைக்கும் திட்டம் 2016 செப்ரெம்பரில் கைவிடப்பட்டது. 2006 இல் போரால் இடம்பெயர்ந்த மக்களின் மண்ணில் அதைக் கட்ட இருந்தார்கள். எரிந்து மிஞ்சும் சாம்பல் எங்கே போகும் என்ற கேள்வி எனக்கு அப்போதிருந்தே உண்டு. விடை தேடியபோது நான் அதிகம் வாசித்தது அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள கிங்ஸ்டன் மின் நிலையத்தைப் பற்றி. அது தனியார் கம்பனியுடையது அல்ல. 1933 இல் அமெரிக்க மத்திய அரசு அமைத்த டென்னசி பள்ளத்தாக்கு அதிகாரசபைக்குச் சொந்தமானது.

அங்கே மாவைப் போன்ற சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, எமரி ஆற்றங்கரையிலிருந்த தேக்கத்துக்குள் விட்டார்கள். சுற்றிவர மண்கட்டு. பார்வைக்கு நமது குளக்கட்டுப் போலத்தான். ஆனால் குளக்கட்டு பெரும்பாலும் இறுகிய நிலத்தில் முழு உயரத்துக்கும் கட்டப்படுவது. தண்ணீர் கூடினால் வான் பாயும். சாம்பல் அணையோ மின் நிலையம் இயங்க இயங்க வளர்வது. தேக்கம் நிரம்பியதும், ஏற்கெனவே படிந்த ஈரச் சாம்பலின்மேல் சற்று உட்தள்ளி அடுத்த கட்டை எழுப்புவார்கள். அதுவும் நிரம்பினால் இன்னொன்று. கிங்ஸ்டனில் அரை நூற்றாண்டாக இப்படி ஏறிய மேடு சுமார் 18 மீற்றர் உயரம்.

ஈரச் சாம்பல் மேலே காய்ந்து தரைபோலத் தெரியும். உள்ளே துகள்களுக்கிடையில் தண்ணீர் வடியாமல் நிற்கும். பாரம் கூடக்கூட அந்தத் தண்ணீரின் அழுத்தம் ஏறும். ஓரளவுக்குமேல் துகள்கள் ஒன்றையொன்று பிடித்து நிற்கும் வலுவை இழக்க, திடமாக நின்றது கூழாக ஓடும்.

2003 இலும் 2006 இலும் கட்டில் கசிவு கண்டது. திருத்திவிட்டுச் சாம்பலைத் தொடர்ந்து நிரப்பினார்கள். 2008 டிசெம்பர் 22 அதிகாலை 1 மணியளவில் கட்டு உடைந்தது. ஏறத்தாழ 42 இலட்சம் கனமீற்றர் சாம்பற்கூழ் 300 ஏக்கர் வரை பரவி, ஆற்றையும் அடைத்தது. வீடுகள் சிதைந்தன. அன்றிரவு உயிரிழப்பு இல்லை.

அதிகாரசபை அமர்த்திய பொறியியலாளர்கள் மேட்டின் உயரம், தளர்ந்த ஈரச் சாம்பல் ஆகியவற்றோடு, அடியில் கிடந்த பலவீனமான சேற்றுப்படையையும் காரணமாகக் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத படைதான், உண்மை. ஆனால் 2012 இல் மத்திய நீதிமன்ற நீதிபதி அதிகாரசபையைப் பொறுப்பாளி என்றார்: தனது சொந்த விதிமுறைகளைப் பின்பற்றியிருந்தால் அடித்தளக் குறைகளை ஆராய்ந்து கவனித்திருக்கலாம் என்பது அவரது முடிவு. என்னைக் கேட்டால், உடைவு பற்றிய எந்தப் பொறியியல் அறிக்கையையும்விட இந்தத் தீர்ப்பே முக்கியமானது. அணையின் சொந்தக்காரரே அதன் பரிசோதகராகவும் இருக்கும்போது, ஈரமான ஓர் இடம் வெறும் திருத்தவேலையாகிவிடுகிறது.

துப்புரவு 2015 வரை நீடித்தது; செலவு 100 கோடி டொலருக்கு மேல். ஆசனிக் போன்ற நச்சுகள் கலந்த அந்தத் தூசியில் வேலை செய்தவர்கள் பலர் பின்னர் நோயுற்றார்கள், இறந்தார்கள். ஒப்பந்த நிறுவனம் அவர்களின் பாதுகாப்பில் தவறியதாக 2018 இல் நடுவர் குழு கண்டது. ஆற்றிலிருந்து அள்ளிய சாம்பலை ரயிலேற்றி அலபாமாவின் பெரி கவுண்டியில் கொட்டினார்கள். அங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள்.