கறுப்புத் துணி கேட்ட கணக்கு: டி-ஷர்ட் அச்சில் வண்ணப் பிரிப்பின் வளர்ச்சி

வண்ணப் பிரிப்பு என்றதும் அச்சுத் தொழிலில் நால்வண்ண முறைதான் நினைவுக்கு வரும். ஓர் ஓவியத்தைச் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு தகடுகளாகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டால், மூலத்தின் நிறங்கள் ஏறக்குறைய எல்லாம் திரும்பக் கிடைக்கும். டி-ஷர்ட் அச்சும் இதே பாதையில் சற்றுப் பின்தங்கி வந்தது என்று எண்ணத் தோன்றும். தொழிலின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. துணி அச்சு காகிதத்தின் முறையைக் கடன் வாங்கிப் பார்த்தது. கறுப்புத் துணியில் அது தோற்றதும், தான் முன்பே அறிந்திருந்த பழைய வழிக்குத் திரும்பியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காகித மரபின் தொடக்கத்தில் நிற்பவர் ஜேக்கப் கிறிஸ்டோஃப் லெ பிளான். நீலம், மஞ்சள், சிவப்பு எனத் தனித்தனித் தகடுகளில் ஓவியங்களை அச்சிடும் முறைக்கு 1719இல் இங்கிலாந்தில் உரிமை பெற்றார். ஒளிப்படக் கருவி இல்லாத காலம் அது. ஒரு கன்னத்தின் நிறத்தில் நீலம் எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு என்பதைக் கண்ணால் மட்டுமே அவர் மதிப்பிட வேண்டியிருந்தது. 1861இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் ஒரே பொருளை மூன்று நிற வடிகட்டிகள் வழியே படமெடுக்கச் செய்து, அவற்றை ஒளியாகச் சேர்த்துக் காட்டினார். அந்த வழியில் போன காகித அச்சில், பிரிக்கும் வேலை மெல்ல மெல்லக் கண்ணை விட்டுக் கருவியிடம் சென்றது.

டி-ஷர்ட்டுக்குப் பயன்படும் ஸ்கிரீன் அச்சு வந்த வழி வேறு. 1907இல் மான்செஸ்டரின் சாமுவேல் சைமன் பட்டுத் திரையில் அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் நோக்கில் அதைவிட முக்கியமானது, 1918இல் சான் பிரான்சிஸ்கோவின் ஜான் பில்ஸ்வொர்த் காப்புரிமை பெற்ற செலக்டசைன் முறை. அதில் பல நிறங்களுக்கும் ஒரே திரை போதும். முதல் நிறத்தைப் பெரும் பரப்பில் இழுப்பார்கள். அந்த நிறமாகவே நிற்க வேண்டிய இடங்களைத் திரையில் அடைத்துவிட்டு அடுத்த நிறத்தை அதன்மேல் இழுப்பார்கள். மேலே விழும் மை கீழுள்ளதை மறைக்கும். ஆகவே எந்த நிறம் எதன்மேல் விழுகிறது என்பதை முதலிலேயே தீர்மானித்தாக வேண்டும். நிறக் கணக்கோடு அடுக்குக் கணக்கும் சேர்ந்த பிரிப்பு இது. டி-ஷர்ட் அச்சின் உண்மையான மூதாதை என்று நான் கொள்வது இதைத்தான்.

பின்னர் ஒளியால் இறுகும் பூச்சைத் திரையில் தடவி உருவெடுக்கும் முறை பரவியபோது, பிரிப்பு வேலை பிலிமுக்கு மாறியது. உலானோ நிறுவனத்தின் ரூபிலித் என்ற சிவப்புப் பிலிம் இக்காலத்தின் அடையாளம். தெளிந்த தாளின்மேல் மெல்லிய சிவப்புப் படலம். கூர்கத்தியால் படலத்தை மட்டும் கீறி, வேண்டாத இடத்தை உரித்தெடுப்பார்கள். கண்ணுக்கு ஊடுருவித் தெரியும் அந்தச் சிவப்பு, பூச்சை இறுகச் செய்யும் ஒளிக்கு முழுக் கறுப்பு. இதனால் கீழேயுள்ள படத்தைப் பார்த்துக்கொண்டே வெட்ட முடிந்தது. நிறத்துக்கு ஒரு தாள். ஐந்து நிறமென்றால் ஐந்து முறை வெட்டு, ஐந்திலும் ஒரே இடத்தில் பொருத்தக் குறிகள். நிறங்கள் சந்திக்கும் விளிம்பில் ஒன்றை மற்றதன்மேல் சற்றே ஏற்றி வெட்டாவிட்டால், துணி கொஞ்சம் நகர்ந்தாலும் இடையில் கோடு தெரியும்.

மைக்கேல் வசிலன்டோன் 1969இல் காப்புரிமை பெற்ற சுழலும் பலவண்ண இயந்திரம் டி-ஷர்ட்டை வெகுஜனப் பொருளாக்கியது. திரைகளைத் தாங்கும் அதன் கைகள் எத்தனையோ, பிரிப்பவருக்கு அத்தனை நிறம். வெள்ளை பனியனில் ஒளிப்படத்தை அச்சிடக் காகிதத்தின் நால்வண்ண முறை உதவியது. ஆனால் பத்திரிகை அச்சில் அங்குலத்துக்கு 133 அல்லது 150 வரிசைப் புள்ளிகள் என்றால், துணியில் 45 முதல் 65 வரைதான் தாங்கும். பின்னலில் மை பரவும். திரையின் கண்ணிகளோடு புள்ளி வரிசை மோதினால் அலையலையாக வேண்டாத கோலம் விழும். காகிதத்தில் நிறத்துக்கொரு கோணம் வைப்பார்கள். துணியில் பலர் எல்லா நிறத்துக்கும் 22.5 பாகை என ஒரே கோணத்தை வைத்துத் தப்பித்தார்கள்.

கறுப்புத் துணி இந்த ஏற்பாட்டையே கவிழ்த்தது. நால்வண்ண மைகள் ஒளி ஊடுருவுபவை. அடியிலுள்ள வெண்மைதான் அவற்றுக்கு உயிர். கறுப்பின்மேல் அச்சிட்ட மஞ்சள் காணாமல் போகும். ராக் இசைக்குழுக்களின் கறுப்புச் சட்டைகளுக்கோ மின்னலும் மண்டையோடும் தீச்சுவாலையும் வேண்டியிருந்தன. விடை இரு பகுதிகளாக அமைந்தது. முதலில் படத்தின் வெளிச்சப் பகுதிகளுக்கு மட்டும் வெள்ளை அடித்தளம். மேல் நிறத்தின் விளிம்பில் எட்டிப் பார்க்காதபடி அது இம்மியளவு உள்ளொடுங்கி இருக்கும். அதை மெஷினிலேயே சூடாக்கி மேற்பரப்பை உலர்த்திவிட்டு, சிவப்பு, தங்க மஞ்சள், நீலம், சாம்பல் போன்ற மறைக்கும் மைகளைப் புள்ளிகளாக இழுப்பார்கள். கடைசியில் பளிச்சிடும் இடங்களுக்கு இன்னொரு வெள்ளை. துணியின் கறுப்பே படத்தின் கறுப்பாக நிற்கும். போலி நால்வண்ணம் என்று பொருள்படும் பெயரே தொழிலில் இதற்கு வழங்குகிறது; எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. எந்தெந்த நிறங்கள் என்பதைச் சூத்திரம் தருவதில்லை, படத்தைப் பார்த்துப் பிரிப்பவரே தேர்கிறார். லெ பிளானின் கண்ணும் செலக்டசைனின் அடுக்கும் இதில் ஒன்றாகச் சேர்கின்றன.

1990இல் ஃபோட்டோஷாப் வெளிவந்தபின் இந்தத் தேர்வு, கணினியில் நிறத்துக்கு ஒன்றாக வைக்கும் சேனல்களுக்குள் நடக்கத் தொடங்கியது. ரூபிலித் கத்தி போயிற்று. கத்தி பிடித்தவரின் தீர்மானங்கள் போகவில்லை. கணினியால் மட்டுமே நடைமுறைக்கு வந்தது இன்டெக்ஸ் பிரிப்பு: தேர்ந்த சில நிறங்களை ஒரே அளவுச் சதுரப் புள்ளிகளாகச் சிதறவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பக்கம் பக்கமாக அடுக்குவது. கோணம் என்பதே இல்லாததால் புள்ளி வரிசைகள் மோதும் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

திருப்பூரின் பிரிண்டிங் பட்டறைகளில் இதே வரலாறு வேறு நிபந்தனைகளோடு நடக்கிறது. அங்கே தைப்பதற்கு முன்பே, வெட்டிய துண்டுகளை நீண்ட மேசைகளில் ஒட்டி, ஸ்கிரீனைக் கையால் நகர்த்திக்கொண்டே போவதும் உண்டு. மேசையின் கடைசித் துண்டை முடித்துத் திரும்புவதற்குள் முதல் துண்டு தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருக்கும். நிறங்களின் எண்ணிக்கையை இயந்திரக் கைகள் கட்டுப்படுத்துவதில்லை. கூலியும் ஸ்கிரீன் செலவும்தான் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் ஒவ்வொரு முறையும் ஸ்கிரீனைத் தூக்கி வைப்பதால் பொருத்தம் சற்றுப் பிசகும். எனவே நிறங்களின் விளிம்பை இன்னும் தாராளமாக ஏற்றிவைக்க வேண்டும். ஒரே டிசைன் மேசைக்குப் போகிறதா, மெஷினுக்குப் போகிறதா என்று தெரியாமல் அங்கே கலர் பிரிக்க முடியாது.