கோட்டை பேண்டும் தீட்சிதரும்

நம் கல்லூரி ஆண்டு விழாவில் நாதஸ்வரக்காரர் 'இங்கிலீஷ் நோட்டு' வாசித்தபோது, பின்வரிசையில் இருந்து விசிலடித்துக் கிண்டல் செய்த கூட்டத்தில் நானும் ஒருவன். அதன் பழமை அப்போ யாருக்குத் தெரியும்?

1782-ல் வியன்னாவில் இரண்டாம் ஜோசப் சக்கரவர்த்தி எட்டுப் பேர் கொண்ட ஊதுகருவிக் குழுவை அமைத்தார். ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பஸூன், ஒவ்வொன்றிலும் இரண்டு. மோசார்ட்டும் இத்தகைய குழுவுக்கு எழுதினார். ஐரோப்பிய ராணுவ பேண்டுகளிலும் இதே வகைக் கருவிகள்தான்.

கும்பெனியாரோடு பேண்டு இசை சென்னைக் கோட்டைக்கும் வந்தது. மணலியில் தங்கியிருந்த முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) அதைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்குப் பெரும்பாலும் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். அவையே நோட்டுஸ்வரங்கள். பிரிட்டிஷ் ராஜகீதத்தின் மெட்டில் அமைந்தது 'சந்ததம் பாஹிமாம்'.

மறைமலை நகரில் தினமும் காற்றுக் குழாய்களோடு மல்லுக்கட்டும் இன்ஜினியர் நான். எனக்கு வியப்பு இதுதான்: அக்கால ஹார்னுக்கு வால்வு கிடையாது. உதட்டின் இறுக்கத்தை மாற்றி ஊதினால், குழாய் தன் இயல்பான சில ஸ்வரங்களையே தரும். அதற்கேற்ற நேரான மெட்டுகள், கமகத்துக்கு இடமில்லை. கமகத்தில் ஊறிய தீட்சிதர், "இது நம்ம சங்கீதமா?" என்று ஒதுக்கிவிடவில்லை. சங்கராபரண ஸ்வரங்களில் வைத்து அம்பாளையே பாடிவிட்டார்!

தம்பி, தங்கைகளே, அடுத்த விழாவில் நோட்டு வாசித்தால் விசிலடிக்காமல் கேளுங்கள். பின்வரிசையில் நானும் இருப்பேன்.