கமிட்டியின் முடிவே இறுதியானது

2019 மார்ச் 9. கோயம்புத்தூர் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். ஐ-லீக் சீசனின் கடைசி நாள். சொந்த மைதானத்தில் சென்னை சிட்டி எஃப்.சி., எதிரே முந்தைய ஆண்டின் சாம்பியன் மினர்வா பஞ்சாப். கோப்பைக்கான போட்டியாளர் அந்த மைதானத்திலேயே இல்லை. ஒரு புள்ளி பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஆடிக்கொண்டிருந்தது. சென்னை சறுக்கினால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. அங்கிருந்து மீண்டு வந்து 3-1 என்று முடித்தார்கள். ஈஸ்ட் பெங்காலும் தன் ஆட்டத்தை வென்றது. ஆனாலும் 43-க்கு 42. தமிழ்நாட்டு கிளப் ஒன்று ஐ-லீகை வென்றது அதுதான் முதல் முறை.

ஜெயித்தவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஏப்ரல், மே வந்தால் இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷனிலிருந்து யார் மேலே போவார்கள் என்று நம் மாணவர் விடுதிகளில் நடக்கும் சண்டையைக் கேட்டிருக்கிறேன். மூன்று பேருக்கு ஒரு போன், அதில் ஒரு மேட்ச். அந்த ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. 2014 வரை ஐந்தாம் நிலை லீகில் கிடந்த லூட்டன் டவுன், 2023இல் பிரீமியர் லீகுக்குப் போனது. ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே; யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காத ஏணி. சேரியில் பிறந்த பிள்ளைக்கு இதைவிட அழகான ஏற்பாடு ஒன்றைக் காட்ட முடியாது.

நம் நாட்டு ஏணி வேறு. 2014இல் தொடங்கிய ஐ.எஸ்.எல்.-இல் பணம் கட்டியவர்களுக்கு இடம். கடைசியாக வந்தாலும் அடுத்த வருடம் அதே இடம் என்பதே அப்போதைய ஏற்பாடு. கீழேயிருந்து ஆடி ஜெயித்து நுழைய அப்போது வழி இருக்கவில்லை. 2019 அக்டோபரில் அதுவே நாட்டின் முதல் நிலை லீக் என்று ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒப்புதலோடு முடிவானது. மார்ச் மாதம் சாம்பியனான சென்னை சிட்டி, அக்டோபரில் ஒரு பந்தைக்கூட உதைக்காமல் இரண்டாம் நிலை கிளப் ஆகிவிட்டது. கோப்பையை ஒரு புள்ளியில் தவறவிட்ட ஈஸ்ட் பெங்கால், 2020இல் ஒரு சிமெண்ட் கம்பெனியின் முதலீட்டோடு ஐ.எஸ்.எல்.-க்குள் போய்விட்டது. சென்னை சிட்டியைத் தியாகியாக்க வேண்டாம். அவர்களும் 2016இல் ஏலம் கேட்டு நேரடியாக ஐ-லீகுக்குள் வந்தவர்கள்தான். 2021-22 சீசனில் அந்த அணி ஐ-லீகிலேயே இல்லை.

ஐ-லீக் சாம்பியன் ஐ.எஸ்.எல்.-க்கு மேலேறலாம் என்ற விதி 2022-23 சீசனில்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி முதலில் பஞ்சாப் எஃப்.சி., அடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங். நான்கு வருடம் முன்னால் ஜெயித்ததுதான் சென்னை சிட்டியின் பிழைபோலும்.

டெல்டாவில் டோர்னமெண்ட் நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள். கபடியோ கிரிக்கெட்டோ கால்பந்தோ, நுழைவுக் கட்டணம், முதல் பரிசு, அன்பளிப்பு கொடுத்தவர்களின் படங்கள் எல்லாம் போட்டு, கீழே ஒரு வரி இருக்கும்: கமிட்டியின் முடிவே இறுதியானது. ஆட்டத்தைப் பற்றி எழுதும் யாரும் இந்த வரியைப் பற்றி எழுதுவதில்லை. இதற்கு ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அது கல்கத்தாவிலிருந்து தொடங்குகிறது.

1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்ற கதை பாடப்புத்தகம் வரைக்கும் வந்துவிட்டது. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடியவர்கள். அதற்குப் பிந்தைய கதை அவ்வளவாக வரவில்லை. ஷீல்டை வென்ற மோகன் பகானுக்கே கல்கத்தா லீகின் முதல் டிவிஷனில் இடம் கிடைத்தது 1915இல்தான். பிறகு ஆர்யன் கிளப்பும் சேர்ந்தது. அத்தோடு கதவு மூடப்பட்டது. முதல் டிவிஷனில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் கூடாது என்பது விதி.

1924இல் இந்த விதியில் போய் மோதியது ஈஸ்ட் பெங்கால். இரண்டாம் டிவிஷனில் கேமரூன்ஸ் ரெஜிமெண்டின் 'பி' அணியோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. கேமரூன்ஸின் 'ஏ' அணி ஏற்கெனவே மேல் டிவிஷனில் இருந்ததால், நியாயமாக மேலே போக வேண்டியது ஈஸ்ட் பெங்கால். இரண்டு பேர் விதி குறுக்கே நின்றது. விஷயம் கமிட்டிக்குப் போனது. முதல் டிவிஷனின் ஒன்பது வெள்ளைக்கார கிளப்புகள் ஈஸ்ட் பெங்கால் மேலே வர ஒப்புக்கொண்டன. எதிர்த்தவை இரண்டு: மோகன் பகான், ஆர்யன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், தோழர்களே. வெள்ளைக்காரர்கள் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. விதி அவர்கள் ஆட்சியில் அவர்கள் லீகில் இருந்த விதி. அந்த விதியால் வெளியே நின்றவர்கள், உள்ளே இரண்டு நாற்காலி கிடைத்ததும் அதே விதிக்குக் காவல் நின்றார்கள். ஈஸ்ட் பெங்காலும் ஒடுக்கப்பட்டோரின் கிளப் கிடையாது. 1920 ஜூலையில் ஜோராபகான் அணி, மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் சைலேஷ் போஸை உட்கார வைத்தது. கிழக்கு வங்காளத்துக்காரர் என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்று கோபித்து வெளியேறிய தொழிலதிபர் சுரேஷ் சந்திர சௌத்ரி, 1920 ஆகஸ்ட் 1இல் தொடங்கிய கிளப் அது. வசதியுள்ளவர்கள். அவர்களுக்கே இந்தக் கதவு.

கடைசியில் விதி நீக்கப்பட்டது. 1925 மே 28, லீகில் இரண்டு அணிகளும் முதல் முறையாக மோதின. நேபாள் சக்கரவர்த்தி அடித்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. அந்த வழியாகத்தான் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் வந்தது. இரண்டாம் டிவிஷனிலிருந்து ஏறிய முதல் வருடமே, 1934இல், லீகை வென்றது. அதுவரை எந்த இந்திய கிளப்பும் வென்றதில்லை. பிறகு 1938 வரை ஐந்து வருடமும் அவர்களுக்கே கோப்பை. இரண்டு பேர் விதி நீடித்திருந்தால் இந்தத் திறமை கீழ் டிவிஷனிலேயே காய்ந்திருக்கும். அங்கே திறமை கிடையாது என்று ஆய்வுக் கட்டுரைகூட எழுதியிருப்பார்கள்.

(ஒரு துணுக்கு: 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை. நான்கு ஆண்டுகளுக்கு மேலாக மோகன் பகானை வெல்ல முடியாமலிருந்த ஈஸ்ட் பெங்கால் மறுபடியும் 1-0 என்று ஜெயித்தது. கோல் அடித்தவர் சென்னைக்காரரான நந்தகுமார் சேகர்.)

அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வை நாம் பயிற்சி வகுப்பில் வரையறையாக மனப்பாடம் செய்கிறோம். ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் கீழே மிதிக்க ஒருவர் இருப்பதால், படிக்கட்டையே உடைக்க எல்லோரும் சேர்வதில்லை என்பது அதன் சாரம். 1924 கமிட்டியின் ஒன்பதுக்கு இரண்டு அதை மைதானத்தில் காட்டுகிறது.

நம் ஊரில் வயலில் காட்டுகிறது. ஆந்த்ரே பெத்தேய் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு ஸ்ரீபுரம் என்று பெயர் மாற்றி எழுதிய ஆய்வு 1965இல் வெளிவந்தது. அக்ரகாரத்தில் மிராசுதார், நடுவில் பிராமணரல்லாத குத்தகைக்காரர், சேரியில் கூலி. 1952இல் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் தஞ்சை மாவட்டத்துக்கென்றே வந்தது. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956இல் நியாயக் குத்தகைச் சட்டம். நடுப்படியில் நின்றவர்கள் ஒரு டிவிஷன் மேலே போனார்கள். அவர்கள் போனது சரி. மேலே போன பலர் கூலி கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்ததும் என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி. கீழத்தஞ்சையில் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று நில உடைமையாளர்கள் திரண்டபோது, அது அக்ரகாரத்துச் சங்கமாக மட்டும் இருக்கவில்லை. கூலி நெல்லில் அரைப் படி கூடக் கேட்ட சண்டை 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் எங்கே முடிந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 44 பேர்.

லீகோடு சாதியை ஒப்பிடுவதை இதற்கு மேல் இழுத்தால் அபத்தமாகும். லீகில் தோற்றவன் உயிரோடு வீட்டுக்குப் போகிறான்.

ஆனால் அந்த 'வீடு' பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஹோம் மேட்ச் என்று சாதாரணமாகச் சொல்கிறோம். டெல்டாவில் பண்ணையாள் குடிசை நின்றது மிராசுதாரின் மனையில். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் வந்தது 1971இல். அதுவும் மனையை மட்டும்தான் கொடுத்தது. களம், திடல், குளத்தங்கரை எதுவும் கணக்கில் வரவில்லை. அதனால்தான் நம் தெரு அணிகளுக்கு ஹோம் கிரவுண்ட் என்று ஒன்று அமைவதில்லை. சம்பா அறுப்புக்கு முன்பே உளுந்து தெளித்துவிடுவார்கள். தெளிக்காத வயல் கிடைத்தால் அதில் ஆட்டம், இல்லையென்றால் உளுந்து பிடுங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் அதுவும் போச்சு. அது வரைக்கும்கூட வயல்காரர் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும்.

சொந்தத் திடல் கிடைத்த இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு பெங்களூரு அல்சூர் அருகே கௌதமபுரம் இருக்கிறது. தமிழ் பேசும் தலித் குடும்பங்கள் நிறைந்த பகுதி. கால்பந்துப் பைத்தியம் பிடித்த இடம். அங்கே புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பீலேவுக்கும் சிலை உண்டு. வட சென்னை வியாசர்பாடியிலும் இதே பைத்தியம். அந்தப் பிள்ளைகளின் காலில் தனி ரத்தம் ஓடவில்லை. பக்கத்தில் யாரிடமும் அனுமதி கேட்காமல் இறங்கி ஆட ஒரு திடல் இருந்தது. கூட ஆட அண்ணன்கள் இருந்தார்கள்.

எனவே நம் கோரிக்கைப் பட்டியலில் நூலகம், பயிற்சி மையம், சமுதாயக்கூடம் வரிசையில் விளையாட்டுத் திடலும் இருக்க வேண்டும். கிராம சபையில் தீர்மானமாகவே வைக்கலாம். புறம்போக்கு எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதை கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எழுதி வாங்குவது ஒரு மாலை வேலை.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. ஏப்ரல் 14க்கு நாமே டோர்னமெண்ட் நடத்துகிறோம். அங்கே கமிட்டி நாம்தான். நகராட்சிக் குடியிருப்பிலிருந்து அருந்ததியர் பிள்ளைகள் அணி பதிவு செய்ய வந்தால், 'டீம் ஃபுல்' என்ற பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது? பெண்கள் அணிக்கு ஒரு நாள் ஒதுக்கலாம் என்று பேச்சு எடுத்தால் யார் முதலில் சிரிக்கிறார்கள்? இந்த வருட நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் கமிட்டிப் பெயர்ப் பட்டியலை ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். அதில் எத்தனை தெரு இருக்கிறது, எத்தனை பெண் இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.