வீட்டுக்குள் அலை, வெளியே உரிமம்

எங்கள் வீட்டில் ரூட்டர் இருப்பது நடு அறையில். அங்கிருந்து பதினைந்தடி தள்ளியிருக்கும் திண்ணையில் உட்கார்ந்தால் வைஃபையின் கோடுகள் ஒன்றாகக் குறையும். வாசல் வேப்பமரத்தடிக்குப் போனால் அதுவும் போய்விடும். 2020-இல் கல்லூரிகள் பூட்டப்பட்டு, வீட்டிலிருந்தே வகுப்பெடுக்க நேர்ந்தபோதுதான் இது எனக்கு ஒரு பொருட்டானது. புறத்திணை நடத்த வேண்டிய நான், காற்றோட்டமில்லாத ஓர் அறைக்குள் முடங்கிக்கொண்டு அதை நடத்தினேன். என் மாணவர்களிற் பலர் மறுமுனையில் மொட்டைமாடியிலும் கண்மாய்க் கரையிலும் நின்று கேட்டார்கள். வீட்டுக்குள் இருப்பதை வெளியே கொண்டுவருவது ஏன் இத்தனை கடினம் என்ற கேள்வி அன்று எழுந்தது. தேடிப் போனபோது, இதன் விடையில் இயற்பியல் பாதியும் சட்டம் பாதியுமாக இருப்பது தெரிந்தது.

இயற்பியலைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வைஃபை பெரிதும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர். தடையற்ற வெளியில் தூரம் இரட்டித்தால் வலிமை நான்கிலொன்றாகும். செங்கல்லும் கம்பி கட்டிய கான்கிரீட்டும் அதில் பெரும்பங்கை விழுங்கும். நீரும் விழுங்கும், மைக்ரோவேவ் அடுப்பு சோற்றைச் சூடாக்குவதும் இதே அலைவரிசையின் அருகில்தான். தழைத்த மரம் என்பது நின்றுகொண்டிருக்கும் நீர் ஆதலால் வேம்பைக் குறைசொல்லிப் பயனில்லை.

ஆனால் இத்தகைய அலைகள் சுவரைக் கடக்கும் என்பதை உலகுக்கு முதலில் காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டவர். 1890களின் நடுவில் கல்கத்தா நகர மன்றத்தில் ஜகதீச சந்திர போஸ், சுவர்களுக்கு அப்பாலிருந்த மணியைக் கம்பியில்லாமல் ஒலிக்கச் செய்தார்; வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். அதே நாட்டில், பின்னர் வந்த 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமமின்றி ஒரு வானொலிக் கருவியை வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. காலனி அரசு காற்றையும் ஒரு புறம்போக்கு நிலமாகவே கருதியது. பட்டா இல்லாமல் யாரும் கால் வைக்க முடியாது. 1995 பிப்ரவரியில் கிரிக்கெட் ஒளிபரப்பு தொடர்பான ஒரு வழக்கில்தான், அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று நம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. பொதுச் சொத்து என்று சொன்ன பிறகும் கதவு உடனே திறந்துவிடவில்லை.

கம்பியில்லாமல் கணினிகளை இணைக்கும் முயற்சி வீட்டுக்குள் பிறந்ததன்று என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் தொடங்கிய அலோஹாநெட், கடலால் பிரிந்த தீவுகளை வானொலியால் இணைப்பதற்கென்றே உருவானது. அது பிறந்த இடம் திறந்த வெளி. பின்னர்தான் அது சுவர்களுக்குள் அடங்கியது. 1985 மே மாதம் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், வேறெதற்கும் உதவாதென்று ஒதுக்கப்பட்டிருந்த மூன்று அலைவரிசைகளை உரிமமில்லாப் பயனுக்குத் திறந்துவிட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அவற்றுள் ஒன்று. அந்தக் குப்பைமேட்டில் முளைத்ததுதான் 1997-இல் வந்த 802.11 என்னும் தரநிலை. 1999-இல் அதற்கு வைஃபை என்று விற்பனைப் பெயர் சூட்டினார்கள். (அது எதன் சுருக்கமும் அன்று. விரிவாக்கம் சொல்லித்தருபவர்களை நம்ப வேண்டாம்.) இரண்டே ஆண்டுகளில் அமெரிக்கக் கைவினை ஆர்வலர்கள் உருளைக்கிழங்கு வறுவல் வந்த குழாய் டப்பாவை ஆன்டெனாவாக்கி, அலையைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எல்லாத் திசையிலும் சிதறும் ஆற்றலை ஒரே திசையில் குவித்தால் அதே சக்தி பல மடங்கு தூரம் போகும் என்ற எளிய உண்மைதான் அது.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே சட்டமே அகம், புறம் என்று பிரித்திருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் கட்டடத்துக்குள் பயன்படுத்தத்தான் முதலில் சலுகை கிடைத்தது. அலை வாசலைத் தாண்டினால் உரிமம் கேட்டார்கள். நம் இலக்கணிகள் அகத்தையும் புறத்தையும் பிரித்தபோது இடையில் அகப்புறம், புறப்புறம் என்றெல்லாம் இடம் விட்டார்கள். அலுவலகக் கோப்பில் அந்த நெகிழ்வு இருக்கவில்லை. 2005 ஜனவரி 28 அன்று வெளியான விதிகளால் இந்த அலைவரிசை வெளியிலும் உரிமமற்றதாயிற்று. நிபந்தனைகள் உண்டு: கருவியின் திறன் ஒரு வாட், ஆன்டெனா குவித்துத் தருவதையும் சேர்த்து நான்கு வாட், ஆன்டெனா கூரைக்கு மேல் ஐந்து மீட்டருக்குள்.

விதி வந்த அடுத்த மாதமே, இமயமலைச் சாரலில் உள்ள தரம்சாலாவில், திபெத்திய அகதிகளின் பள்ளிகளையும் அலுவலகங்களையும் இணைக்கும் கம்பியில்லா வலையமைப்பு எழுந்தது. பிப்ரவரி முடிவதற்குள் எட்டு வளாகங்கள் இணைந்துவிட்டன. காத்திருந்து தொடங்கியிருக்கிறார்கள் என்பது தெளிவு. மலையிலும் பனியிலும் நிற்க வேண்டிய ஆன்டெனாக்களை, அவற்றைப் பிடித்துத் தொங்கும் குரங்குகளையும் கருதி அமைக்க வேண்டியிருந்ததாம்.

ஆனால் எனக்கு நெருக்கமாகப் படுவது தேனியில் நடந்தது. மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை தேனியில் உண்டு. அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் சிறு பார்வை மையங்கள் அமைந்தன. மையத்தில் மருத்துவர் இருப்பதில்லை; பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் கண்ணைச் சோதிப்பார். நோயாளி தேனியிலுள்ள மருத்துவருடன் முகம் பார்த்துப் பேச வேண்டும். ஒளிப்படம் அசையாமல் வர வேண்டும். தொலைபேசிக் கம்பியின் வேகம் அதற்குப் போதாது. அங்கேதான் எரிக் புரூவர் தலைமையிலான பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக்குழு, வீடுகளுக்கென்று செய்யப்பட்ட மலிவான வைஃபை அட்டைகளைக் கோபுர உச்சியில் ஏற்றியது. போடி, சின்னமனூர், பெரியகுளம், ஆண்டிப்பட்டி என்று நமக்குப் பேருந்துப் பலகைகளில் பழகிய ஊர்ப்பெயர்கள் இன்று கணினி வலையமைப்பு ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கின்றன.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் சுவையானது. வைஃபை ஒவ்வொரு பொட்டலத்தையும் அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்ற மறுமொழிக்காகக் காத்திருக்கும். குறித்த கணத்துக்குள் மறுமொழி வராவிட்டால் தொலைந்ததாக எண்ணித் திரும்ப அனுப்பும். ஓர் அறைக்குள் பேசிப் பழகிய அதன் பொறுமை மிகக் குறைவு. பதினைந்து கிலோமீட்டரைக் கடக்க அலைக்கு ஐம்பது மைக்ரோநொடி ஆகும், போய்வர நூறு. அதற்குள் அது நம்பிக்கை இழந்து மறுபடி கூவத் தொடங்கிவிடும். மேலும், ஒரே கோபுரத்தில் இரு திசை நோக்கிய கருவிகளுள் ஒன்று பேசும்போது மற்றதன் காது அடைத்துப் போகும். ஆகவே அந்த முறையை மாற்றி, முனைகள் நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டு மாறிமாறிப் பேசவும் கேட்கவும், பொட்டலங்களுக்குத் தொகுதியாகவே மறுமொழி சொல்லவும் அமைத்தார்கள். 2007-இல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் கிட்டத்தட்ட இதே காலத்தில், கங்கைச் சமவெளிக் கிராமங்களுக்கான இணைப்பில், இதையொத்த நேரப் பங்கீட்டை ஆராய்ந்தார்கள். 2007-இல் வெனிசுவேலாவில் எர்மானோ பியெத்ரோசெமோலி இரு மலைமுகடுகளுக்கிடையே 382 கிலோமீட்டர் வரை வைஃபையை நீட்டினார்.

அவருடைய சாதனைதான் அதிகம் பேசப்பட்டது. என்னைக் கேட்டால் தேனியினுடையதே கடினமான காரியம். மலையுச்சியில் ஒருநாள் இணைத்துக் காட்டுவது வேறு. ஆடிக்காற்றிலும் இடிமழையிலும் தினமும் நோயாளி வரும் இடத்தில் இணைத்து வைப்பது வேறு. ஆய்வாளர்கள் 2008-இல் மனம்விட்டு எழுதிய கட்டுரையில், தங்களை அதிகம் அலைக்கழித்தது அலையன்று, மின்சாரம் என்றே பதிவு செய்திருக்கிறார்கள். திடீரென ஏறியிறங்கும் மின்னழுத்தம் கருவிகளைக் கருக்கியது; அறைகுறையாக நின்றுபோகும் மின்சாரத்தால் நினைவக அட்டைகள் பழுதாயின. இறுதியில் வலையமைப்பை வாழவைத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள். போடியிலிருக்கும் ஒரு மூதாட்டிக்குக் கண்ணாடி போதுமா, புரை அறுவை வேண்டுமா என்பதை ஒரு நாள் கூலியை இழந்து தேனிக்குப் போகாமலே அறிய முடிந்ததென்றால், அதன் பின்னால் கோபுரத்தில் ஏறியவர்கள் இருக்கிறார்கள்.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சில நிமிடங்களுக்கு முன் வந்த மின்னஞ்சலைத் தடம் பிடித்துப் போன காவலர்கள், நவி மும்பையில் குடியிருந்த ஒரு வெளிநாட்டவரின் வீட்டு வைஃபையில் போய் நின்றார்கள். வேறு யாரோ அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, அடையாளம் சரிபார்க்காத வைஃபை கூடாதென்று சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. வழிப்போக்கன் யாரென்று கேளாமல் இளைப்பாற இடங்கொடுத்த திண்ணைகளுக்கு நம் ஊர்களில் கம்பிக்கதவு வந்ததும் அச்சத்தால்தான். உத்தரவைத் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. வருத்தப்படாமலும் இருக்க முடியவில்லை.

சட்டத்தின் அகமும் புறமும் பின்னரும் தொடர்ந்தன. 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதி 2018 அக்டோபரில்தான் வெளிப்புறப் பயனுக்கு உரிமமின்றிக் கிடைத்தது. 2025 மே மாதம் வெளியான 6 கிகாஹெர்ட்ஸ் வரைவு விதிகளிலும் உள்ளே குறைந்த திறன், வெளியே மிகக் குறைந்த திறன் என்ற பாகுபாடே இருந்தது.

என் வீட்டுக் கதை எளிதாக முடிந்தது. சன்னல் வழியே ஒரு கேபிளை இழுத்து, திண்ணைத் தூணின்மேல், மழை படாத இடத்தில் இரண்டாவது கருவியொன்றைப் பொருத்தினோம். வேப்பமரத்தடிவரை இப்போது எட்டுகிறது. கடவுச்சொல் வைத்திருக்கிறேன். எதிர்வீட்டுப் பெண் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு மாலையில் வந்து கேட்டாள். 2009-ஆம் ஆண்டு உத்தரவை நினைத்துக்கொண்டே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.