கிஸ்தியும் கிட்டியும்

'கிட்டி' என்றால் இன்று பலருக்குத் தெரிந்திராது. இரண்டு கழிகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பார்கள். கிஸ்தி பாக்கி வைத்த குடியானவனுக்குக் கும்பெனியார் ஆட்சியில் கிடைத்த மரியாதை அது! 'அண்ணாந்தாள்' என்று இன்னொன்று. கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டிக் குனியவைத்து நிறுத்துவது.

1854-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் பேச்சுக் கிளம்பவே, சென்னையில் மூவர் கமிஷன் போட்டார்கள். 1855-ல் வந்த அதன் அறிக்கை, சித்திரவதை நடந்தது மெய்தான் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் பழியைச் சுதேசிச் சிப்பந்திகள் தலையில் சுமத்தி, வெள்ளைக்காரத் துரைமாரைத் தப்பவிட்டது. கஜானா நிரம்பியபோது, 'எப்படி வசூலித்தாய்?' என்று துரை ஏன் கேட்கவில்லை? வரி கட்டுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கேள்விதான் உறுத்துகிறது.

வரி தண்டிய தாசில்தாரிடமே போலீஸ் அதிகாரமும் இருந்தது. குடியானவன் யாரிடம் போய் முறையிடுவான், பாவம்! 1859-ல் 24-வது சட்டம் வந்த பிறகுதான் போலீஸ் தனி இலாகாவாயிற்று.