பத்தொன்பது நாள் தொலைவு

இன்று லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு இடைநில்லா விமானத்தில் ஏறக்குறைய 17 மணி நேரம். 1930 மே 5 அன்று லண்டனின் குரோய்டனிலிருந்து தனியே கிளம்பிய எமி ஜான்சன், அதே கண்டத்தின் டார்வினில் இறங்கியது மே 24 அன்று. சுமார் 11,000 மைல். விமானமோ ஏற்கெனவே பிறர் ஓட்டிய ஜிப்சி மாத். அதற்குமுன் அவர் பறந்த மிகநீண்ட தொலைவு லண்டனிலிருந்து ஹல் வரை மட்டுமே.

கராச்சியில் அவர் பெர்ட் ஹிங்க்லரின் 1928ஆம் ஆண்டுச் சாதனையை இரண்டு நாள் முந்தியிருந்தார். ரங்கூன் அருகே விமானம் சேதமுற்றது, நாட்கள் நழுவின. பத்திரிகைகள் ‘பறக்கும் பெண்’ணைக் கொண்டாடின. உரிமம் பெற்ற விமானப் பொறிப் பணியாளரான அவருக்கோ, தவறிய சாதனையே உறுத்தியது. 1934இல் ஜீன் பேட்டன் அதே வழியை 15 நாட்களுக்குள் கடந்தார். ‘முதல் பெண்’ என்ற பட்டத்தைவிட, கடிகாரத்தோடு போட்டியிட்ட இந்த ஆசையையே நம் வரலாறு முதலில் எழுத வேண்டும்.