மணலில் ஊன்றிய ஊர்கள்

தமிழ் இலக்கணம் வகுத்த ஐந்து நிலங்களுள் பாலைக்கு மட்டும் சொந்த இடம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்தால் அதுவே பாலை என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். வைப்பாறு கடலைச் சேரும் கீழவைப்பாரில் நின்று பார்க்கையில் அந்த வரையறை போதாதோ என்று தோன்றுகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. கரையில் உடையும் பனையும். அப்பால் உப்பளம், அதற்கும் அப்பால் கடல். நெய்தலும் பாலையும் ஒரே வேலிக்கு இருபுறமும் குடியிருக்கும் நிலம் இது.

முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற இக்கடற்கரையில் பரதவரின் ஏழு துறைகளை வரிசையாகச் சொல்வது வழக்கம்: வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு. 1536-37இல் இத்துறைகளின் மக்கள் பெருந்திரளாகக் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். 1542இல் சவேரியார் வந்தார். மணப்பாட்டு மணற்குன்றின்மேல் 1581இல் திருச்சிலுவை ஆலயமும், தூத்துக்குடியில் 1713இல் பனிமய மாதா ஆலயமும் எழுந்தன. இவை முத்தும் சங்கும் கப்பலும் ஈட்டிய செல்வத்தின் கட்டடங்கள். வரலாறு எழுதுவோரின் கண்ணில் எளிதாகப் படுபவை. இவற்றுக்குப் பின்னால், சில கல் தொலைவு உள்ளே, முத்தும் துறையும் இல்லாத செம்மணல் ஊர்களிலும் வானுயர்ந்த கட்டடங்கள் நிற்கின்றன. அவை எதை நம்பி எழுந்தன, எவர் கையால் எழுந்தன என்பதே நமது கேள்வி.

தூத்துக்குடிக்குத் தெற்கே, திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் வட்டாரங்களில் பரந்து, திருநெல்வேலி மாவட்டத்துக்குள்ளும் நீளும் செம்மணல் மேடுகளைத் தேரி என்கிறோம். மணற்பரல்களின்மீது இரும்புத் துரு படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று உரமாக வீசும்போது மணல் இடம்பெயரும். நேற்றிருந்த பாதை இன்று இராது. ஆனாலும் மனிதர் இங்கே வெகுகாலமாக வாழ்ந்திருக்கின்றனர். சாயர்புரம், மெஞ்ஞானபுரம் போன்ற ஊர்களின் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றிச் சூய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956இல் எழுதிய கட்டுரை இந்நிலத்தின் தொன்மையை உலகறியச் செய்தது.

தேரியில் குடியிருக்க மூன்று வேண்டும்: நீர், நிழல், நகராத தரை. மணல் மழைநீரை நொடியில் உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் அதை வீணாக்குவதில்லை. மேட்டில் இறங்கிய நீர் தாழ்வான இடத்தில் சுனையாகவும் கிணறாகவும் கிடைக்கும். மேலப்புதுக்குடியில் கோயில் கொண்டிருக்கும் அய்யனாரின் பெயரே அருஞ்சுனை காத்த அய்யனார். சுனையைக் காப்பதுதான் அங்கே தெய்வத்தின் தொழில். காயாமொழிக்கு அருகே தேரியின் நடுவில் கற்குவேல் அய்யனார் இருக்கிறார். கள்ளர் வெட்டுத் திருவிழாவுக்கு வருவோர் அவ்விடத்துச் செம்மண்ணை அள்ளி வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். மணலைச் சபிக்காமல் பிரசாதமாகக் கொள்ளும் மனம் இந்நிலத்துக்கு உரியது. தேரியின் முதற்கட்டடம் எது என்று நம்மைக் கேட்டால், நீர் இருக்கும் இடத்தைச் சுற்றி வைத்த இந்தக் காவலையே சொல்வோம்.

மரபான ஊர்களுக்குப் பின் வந்தவை கிறித்தவக் குடியேற்றங்கள். 1799இல் தாவீது சுந்தரானந்தம் முன்னின்று அமைத்த ஊர் முதலூர். சமயம் மாறியதற்காகத் தம் ஊர்களில் வாழ முடியாமற்போனவர்களுக்கு அது அடைக்கலம். பெயரே வரலாறு சொல்கிறது. அவர்களுக்கு அதுதான் முதல் ஊர். அங்கே முதலில் எழுந்த ஆலயம் பனையோலை வேய்ந்த கொட்டகைதான்.

மெஞ்ஞானபுரத்தின் கதையும் இதைப் போன்றதே. வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஜான் தாமஸ் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே உழைத்து 1870இல் மறைந்தார். அவர் வந்தபோது அது வெறும் மணற்காடு. கிணறுகள் வெட்டி, மரங்கள் வைத்து, அதன் பிறகே அது ஊராயிற்று. இருந்த ஆலயத்தை 1845ஆம் ஆண்டுப் புயல் வீழ்த்திற்று. பின்னர் எழுந்த தூய பவுல் ஆலயத்தின் கூர்ங்கோபுரம் ஏறத்தாழ 190 அடி உயரம். சுற்றிலும் பனையைவிட உயரமான பொருள் எதுவுமில்லாத சமவெளியில் அது வெகுதொலைவுக்குத் தெரியும்.

இடையன்குடிக்கு 1841இல் வந்த கால்டுவெல்லை ஒப்பிலக்கண ஆசிரியராகவே நாம் அறிவோம். 1856இல் அந்நூல் வெளிவந்தது. நேரான தெருக்களும் கிணறுகளும் வகுத்து ஊரை அமைத்தவரும் அவரே. 1847இல் தொடங்கிய தூய திரித்துவ ஆலயம் 1880இல்தான் நிறைவேறியது. முப்பத்துமூன்று ஆண்டுகள்! செல்வர் இல்லாத ஊரில் ஒரு கட்டடம் எழும் வேகம் அவ்வளவுதான். அந்த இடைவெளியில் ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, மணந்து, தன் பிள்ளைகளையும் கண்டிருக்கும்.

அந்தத் தலைமுறை யார்? பெரும்பாலோர் பனையேறிகள். மாசி முதல் ஆடி வரை நாள்தோறும் மரமேறிப் பதநீர் இறக்குவர். பெண்கள் அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவர். இத்தேரியில் பணம் என்பது கருப்பட்டியின் மறுபெயர். நம் கொத்தர்கள் பழைய சுண்ணாம்புச் சாந்தில் கருப்பட்டி நீரும் கடுக்காய்ச் சாறும் சேர்ப்பது மரபு. கடற்கரைப் பகுதியில் அந்தச் சுண்ணாம்பு சிப்பியையும் பவளப்பாறையையும் சுட்டுக் கிடைத்தது. கூரைக்கு வரிச்சலும் கைமரமும் பனையே. கடலும் பனையும் கூடிச் சுவராகும் நிலம் இது. கல்வெட்டில் அடிக்கல் நாட்டியவர் பெயரையும் படைத்த ஆயர் பெயரையும் படிக்கிறோம். மணலில் கல் சுமந்தவர் பெயரைக் காண்பது அரிது.

அம்மக்கள் வாய்மூடி இருந்தவர்களும் அல்லர். அவர்களைப் பற்றிக் கால்டுவெல் 1849இல் எழுதிய சிறுநூல் அவர்களைப் புண்படுத்தியது. அந்தப் புண் பல்லாண்டு ஆறவில்லை. மிஷனரிகளின் அதிகாரத்தோடு முரண்பட்ட அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை 1857இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் இந்து கிறித்தவ சபையைத் தோற்றுவித்தார். சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்ட அச்சபை ஐரோப்பியரின் மேற்பார்வையை ஏற்கவில்லை. வேதம் எங்களுக்கும் உரியது என்றால் அதை வாசிக்கும் கூடமும் எங்களுடையதாகவே இருக்கட்டும் என்பதே அதன் உட்பொருள் என்று நாம் கொள்கிறோம். இடையன்குடி ஆலயத்தைக் காணச் செல்பவர்கள் பிரகாசபுரத்தையும் சேர்த்துக் கண்டால்தான் தேரியின் வரலாறு பாதியில் நிற்காது.

இதனால் கால்டுவெல்லின் உழைப்பு சிறுத்துவிடாது. கொற்கையிலும் காயலிலும் 1870களில் அவர் நடத்திய அகழாய்வே ஒரு பாடம். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைப் பின்தள்ள, கொற்கை துறைமுகம் என்ற தகுதியை இழந்து வயலூராயிற்று. மார்க்கோ போலோ கண்ட காயலுக்கும் பின்னாளில் அதே கதிதான். கடலோர ஊர்களின் செல்வம் மண்ணுக்குள் போனதைத் தோண்டிக் கண்டவர், மணலூர் ஒன்றை நிலைநிறுத்த முப்பத்துமூன்று ஆண்டுகள் பொறுத்திருந்தார் என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அவர் வாழ்ந்த வீடு இன்று அரசின் நினைவில்லம். அவர் வகுத்த ஊரில் கிணறு வெட்டியவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

இன்று அச்சம் மணற்காற்றைப் பற்றியதன்று. பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்டு பூசுகிறார்கள். தரையில் பளபளக்கும் ஓடு பதிக்கிறார்கள். கடற்கரை ஊர்கள் பலவற்றில், கூட்டம் பெருகியது என்று பழைய ஆலயத்தையே இடித்துப் பெரிதாகக் கட்டுகிறார்கள். வழிபடுவோரின் தேவையை வெளியிலிருந்து நாம் பழிக்கலாகாது. அது அவர்கள் வீடு. ஆயினும் இடிப்பதற்கு முன் அளந்தும் படமெடுத்தும் வைக்கலாம். ஞானஸ்நானப் பதிவேடுகளையும் பழைய கணக்கேடுகளையும் கரையானிடமிருந்து காக்கலாம். ஊரின் மூத்தவர்களிடம் எந்தக் கிணற்றை எவர் வெட்டினார் என்று கேட்டு எழுதலாம். அய்யனார் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் இது ஒன்றுபோலப் பொருந்தும்.

கீழவைப்பாருக்கே மீண்டும் வருவோம். ஏழு துறைகளின் பட்டியலில் பெயர் இருந்தும், தூத்துக்குடிக்கும் மணப்பாட்டுக்கும் கிடைத்த பக்கங்கள் இச்சிற்றூருக்குக் கிடைக்கவில்லை. படகை மணலில் ஏற்றி நிறுத்தும் மனிதரிடமும் உப்பு வாரும் பெண்ணிடமும் கேட்டுத்தான் அப்பக்கங்களை எழுத வேண்டும். அவர்கள் நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது.